அடுத்த வருடம் இது யாருடைய காணி?

ரொறன்ரோவின் கிழக்கு எல்லையில், மிருகக்காட்சிச்சாலையைத் தாண்டி மெடோவேல் வீதியால் வடக்கே போனால் வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்கும். ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்குள் அடங்கும் விவசாயக் காணிகள் அவை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் குடியிருக்கும் நம்மவர் பலர் அவற்றைக் கடந்துதான் போய்வருகிறார்கள். கோடையில் அங்கே நிற்பவை பெரும்பாலும் மூன்றே பயிர்கள்: சோளம், சோயா அவரை, குளிர்காலக் கோதுமை. இவற்றில் சோயா, காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து வேர் முடிச்சுகளில் தனக்கு உணவாக்கிக்கொள்ளும் அவரையினத்தைச் சேர்ந்தது. ஆகவே சோயா மாறிமாறி வரும் வயலில் மண்ணுக்குப் பசளை தானாகவே சேர்ந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. விவசாயம் படித்தவர்கள்கூடச் சில வேளைகளில் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல.

அவரையினப் பயிர் பிடிக்கும் நைதரசனில், நாம் வயலைவிட்டு எடுத்துச் செல்லாத பங்கு மட்டுமே மண்ணுக்குச் சேரும். எவ்வளவை எடுக்கிறோம், எவ்வளவை விடுகிறோம் என்பது வேரிலுள்ள பற்றீரியாவின் கையில் இல்லை. பண்ணையில் மாடு இருக்கிறதா, அடுத்த வருடமும் இந்தக் காணி தன் கையில் இருக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விவசாயியிடம் என்ன பதில் உண்டோ, அதைப் பொறுத்தது அது. தென் ஒன்ராறியோவின் நூறாண்டு வயல் வரலாறு இதற்கு நல்ல சான்று.

அறிவியல் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவரையினச் செடிகள் முடிச்சுகளின் துணையோடு காற்றின் நைதரசனைப் பெறுகின்றன என்பதை ஜேர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் இருவரும் 1880களின் பிற்பகுதியில் நிறுவினார்கள். 1888இல் ஒல்லாந்தின் பெய்யரிங்க் அந்த முடிச்சிலிருந்து பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். எல்லாப் பயிருக்கும் ஒரே பற்றீரியா உதவாது. குளோவர் என்ற தீவனச் செடிக்கு ஒன்று, குதிரைமசால் என்ற தீவனச் செடிக்கு வேறொன்று, சோயாவுக்கு இன்னொன்று. உரியது மண்ணில் இல்லாவிட்டால் விதையோடு கலந்து கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் செடி வளரும், முடிச்சு விழாது, மண்ணிலிருந்த நைதரசனையும் அது உறிஞ்சிக்கொள்ளும். சோதித்துப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. பூக்கத் தொடங்கும் செடியொன்றை மண்வெட்டியால் வேரோடு கிளப்பி, தண்ணீரில் மெதுவாக அலசி, ஒரு முடிச்சை நகத்தால் பிளந்து பார்க்கவேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நமது குருதிக்குச் சிவப்புத் தரும் பொருளுக்கு உறவான ஒன்று முடிச்சுக்குள்ளும் ஒட்சிசனைக் கட்டுப்படுத்துவதால் வரும் நிறம் அது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு வெறும் புடைப்புத்தான்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு இந்த விளக்கங்கள் வந்து சேர்வதற்கு முன்பே செய்முறை தெரிந்திருந்தது. நெல் அறுத்த காணியில் சணல் விதைத்துப் பூக்கும் பருவத்தில் உழுது புதைப்பது, காவிளாயையும் பூவரசங் குழையையும் வெட்டிவந்து புகையிலைத் தோட்டத்துக்குத் தாழ்ப்பது, மாட்டுப் பட்டியை இரவுக்கிரவு இடம் மாற்றி அடைப்பது எல்லாம் நமது முன்னோரின் கணக்கில் இருந்தவை. தமிழ்நாட்டில் தக்கைப்பூண்டும் கொளிஞ்சியும் சணப்பையும் அந்த இடத்தில் நின்றன. இங்கே கவனிக்கவேண்டியது பட்டி அடைக்கும் வழக்கத்தை. மாடு தின்னும் நைதரசனில் நான்கில் மூன்று பங்குக்குக் கிட்டச் சாணமாகவும் சிறுநீராகவும் வெளியே வந்துவிடுகிறது. ஆகவே ஒரு பயிரை மாட்டுக்குப் போடுவதா, மண்ணுக்குப் போடுவதா என்ற கேள்வி, மாடு அதே காணியில் நிற்கும்வரை எழுவதே இல்லை. வாய்வழி போனது அன்றிரவே நிலத்துக்கு வந்துவிடும். மாடு ஓரிடத்திலும் வயல் வேறோரிடத்திலும் ஆனபோதுதான் தீவனமும் பசுந்தாட்பசளையும் ஒன்றோடொன்று போட்டியிடும் இரண்டு பயிர்களாயின.

ஒன்ராறியோவில் அந்தப் பிரிவை மிகத் தெளிவாகக் காட்டுவது சோயாவின் கதை. ரொறன்ரோவிலிருந்து 100 கிலோமீற்றருக்கும் குறைவான தொலைவில், குவெல்ப் நகரில், ஒன்ராறியோ விவசாயக் கல்லூரி இருக்கிறது. அங்கே பயிர் ஆராய்ச்சியாளர் சார்ள்ஸ் சாவிட்ஸ் 1893இலேயே சோயாவை நட்டுப் பார்க்கத் தொடங்கினார். முப்பது வருடத் தெரிவின்பின் 1923இல் ஓ.ஏ.சி. 211 என்ற இனம் வெளிவந்தது. கனடாவின் முதற் சோயா இனம் அதுதான். அந்தக் காலத்து வட அமெரிக்க விவசாயிக்குச் சோயா என்றால் எண்ணெய் அல்ல. பச்சையாக வெட்டி மாட்டுக்குப் போடும் தீவனம். காய வைத்து அடுக்கும் வைக்கோல். சில இடங்களில் உழுது புதைக்கும் பசளை. அமெரிக்காவில் விதைக்காகப் பயிரிட்ட சோயா நிலம், தீவனத்துக்காகப் பயிரிட்ட நிலத்தை முந்தியது 1941இல்தான்.

இரண்டாம் உலகப் போர் வந்தது, சமையல் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் தட்டுப்பாடு வந்தது. ரொறன்ரோ ஏரிக்கரையில், நகர மையத்துக்குச் சற்றுக் கிழக்கே, லேக் ஷோர் வீதியோரமாக நிற்கும் பிரமாண்டமான கொங்கிறீற் தானியக் கோபுரங்களைப் பலர் கண்டிருப்பார்கள். 1940களில் எழுந்த விக்டரி சோயா ஆலையின் எச்சம் அது. ஒன்ராறியோவின் சோயாவை நசுக்கி எண்ணெயும் பிண்ணாக்குமாக்க எழுந்த அந்த ஆலை 1990களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. ஆலை போனாலும் அது தொடக்கிவைத்த மாற்றம் நிலைத்துவிட்டது. இன்று ஒன்ராறியோவில் பரப்பளவால் முதலிடம் பெறும் வயற்பயிர் சோயாதான். ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கர். அதன் பிண்ணாக்கு இன்றும் மாட்டுக்கும் கோழிக்கும் பன்றிக்கும்தான் போகிறது. ஆனால் அந்த விலங்குகள் சோயா விளைந்த வயலில் இல்லை. பலவேளைகளில் அந்த மாகாணத்திலும் இல்லை, கப்பலேறிப் போன நாட்டில் இருக்கின்றன. ஹெக்டேயருக்கு 3 தொன் சோயா அறுத்தால் அதனோடு 150 கிலோவுக்கு மேற்பட்ட நைதரசன் வயலைவிட்டுப் போகிறது. அந்தப் பயிர் காற்றிலிருந்து பிடித்ததும் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டுவதில்லை. வரவும் செலவும் சரி. சில வருடங்களில் செலவே கூடுதல். இருந்த மண்ணை மெலியவிடும் அவரையினப் பயிரும் உண்டு என்பதை நாம் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

தீவனமாகவும் பசளையாகவும் ஒரே செடியைப் பயன்படுத்துவது எளிதான காரியம் என்று நான் சொல்லவரவில்லை. அதன் சிக்கலைக் காட்டும் வரலாறு ஒன்றும் இதே மாகாணத்தில் நடந்தது.

வீதியோரங்களில் இடுப்பளவு உயர்ந்து, சிறுசிறு வெள்ளைப் பூவோ மஞ்சட் பூவோ கொத்தாகப் பூத்து, தேனீ மொய்க்க நிற்கும் ஸ்வீட் குளோவரை ஒன்ராறியோவில் எங்கும் காணலாம். இரண்டு வருடச் செடி. வேர் ஆழமாக இறங்கும். மெலிந்த மண்ணிலும் வரும். உழுது புதைத்தால் சிறந்த பசளை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் விவசாயிகள் இதை ஆவலோடு விதைத்து மாட்டுக்கும் போட்டார்கள். 1920களின் தொடக்கத்தில் மாடுகள் காரணம் தெரியாமல் சாகத் தொடங்கின. தோலுக்கடியில் இரத்தம் கட்டி வீங்கியது. கொம்பு வெட்டுவது, காயடிப்பது போன்ற சிறு காரியம் செய்தாலும் இரத்தம் நிற்கவில்லை. கன்று ஈன்ற பசு இரத்தப் பெருக்கில் செத்தது. தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள்.

ஒன்ராறியோ மிருக வைத்தியக் கல்லூரியில் நோயியல் படிப்பித்துக்கொண்டிருந்த ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் அதை நம்பவில்லை. 1862இல் ரொறன்ரோவில் தொடங்கிய அந்தக் கல்லூரி 1922இல்தான் குவெல்ப்புக்கு இடம்மாறியது. ஸ்கோஃபீல்டும் ரொறன்ரோவில் அதே கல்லூரியில் 1910இல் படித்து முடித்தவர். நோய் கண்ட பண்ணைகளில் அவர் முதலில் பார்த்தது மாட்டை அல்ல, வைக்கோலை. ஸ்வீட் குளோவரின் தண்டு தடித்தது, சாறு நிறைந்தது, காய நாளெடுப்பது. ஈரமான பருவத்தில் அது காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். அடுக்கியிருந்த ஒரே வைக்கோலிலிருந்து நல்ல தண்டுகளை ஒருபுறமும் பூஞ்சணம் பிடித்தவற்றை மறுபுறமும் கையால் பிரித்தெடுத்து, இரண்டு முயல்களுக்குக் கொடுத்தார். நல்லதைத் தின்ற முயலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றது இரத்தம் கசிந்து செத்தது. வேறு வைக்கோலோடு மறுபடி செய்தார், அதே முடிவு. கிருமியல்ல, கெட்ட தீவனமே காரணம் என்று 1922இல் எழுதினார். 1924இல் விரிவாக நிறுவினார்.

அந்த வைக்கோலில் என்ன இருந்தது என்பது பின்னர் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் போல் லிங்கின் ஆய்வுகூடத்தில் தெரியவந்தது. ஸ்வீட் குளோவருக்கு வாசனை தரும் கூமரினைப் பூஞ்சணம் டைக்கூமரோலாக மாற்றுகிறது. அது உயிர்ச்சத்து கே-யின் வேலையைக் குலைத்து இரத்தத்தை உறையவிடாமற் செய்கிறது. 1939இல் அதைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார்கள். அதைத் தொடர்ந்து ஆக்கிய வார்ஃபரின் 1948இல் எலிப் பாஷாணமாகவும் 1950களின் நடுவில் மனிதருக்கான மருந்தாகவும் வந்தது. இதயநோய்க்காக நமது வீடுகளிலும் பலர் விழுங்கிய அந்தக் குளிசையின் வேர் ஒரு பசுந்தாட்பயிரில் இருக்கிறது. ஸ்கோஃபீல்ட் பெயர் கொரியாவில் இன்னும் பெரிது. 1919இல் யப்பானிய ஆட்சிக்கெதிராகக் கொரியர்கள் எழுந்தபோது அங்கே மருத்துவக் கல்லூரியில் படிப்பித்துக்கொண்டிருந்தவர், நடந்த அட்டூழியங்களைப் படமெடுத்து உலகுக்குக் காட்டினார். 1970இல் சியோலில் இறந்து அங்கேயே தேசிய மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கனடாவின் கொரிய சமூகம் அவருக்குச் சிலையும் நினைவுத் தோட்டமும் அமைத்திருப்பது ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலையில்.

ஸ்வீட் குளோவரின் கதையிலிருந்து விவசாயத்துக்குக் கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு. அதே ஸ்வீட் குளோவர், அதே பூஞ்சணம். உழுது புதைத்திருந்தால் ஒரு தீங்கும் இல்லை. மாட்டின் வாய்க்குப் போகும்போது பயிருக்கு வேண்டிய கவனம் பலமடங்கு கூடுகிறது. குதிரைமசாலும் அப்படித்தான்: பச்சையாக வயிறுமுட்ட மேய்ந்த மாட்டுக்கு வயிறு உப்பிச் சில மணி நேரத்தில் உயிர் போகும். தீவனப் பயிருக்கு ஆள் வேண்டும், கண் வேண்டும், காயும் நாளை அறிந்த அனுபவம் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நைதரசன் பசளை மலிந்து, உழவு இயந்திரம் குதிரையை விரட்டி, பால் மாடுகள் சில பெரிய பண்ணைகளுக்குள் ஒடுங்கியபோது, மற்றப் பண்ணைகள் வேலியைப் பிடுங்கிவிட்டுச் சோளமும் சோயாவும் போட்டதற்குச் சோம்பல் காரணமல்ல. மாடு போன வீட்டில் வைக்கோற் பயிருக்கு வேலையில்லை.

மாடில்லாத பண்ணைக்கும் பொருந்தும் ஒரு வழியை ஒன்ராறியோ விவசாயிகளே கண்டுவைத்திருக்கிறார்கள். இந்த மாகாணத்து விவசாயத்தில் எனக்கு மிகப் பிடித்த காட்சி அதுதான். மார்ச் பிற்பகுதியில், இரவில் மண் உறைந்து பகலில் இளகும் சில கிழமைகள் உண்டு. நிலம் சிறுசிறு வெடிப்புகளும் துளைகளுமாகத் தேன்வதை போல ஆகிவிடும். விடியுமுன், மண் இறுகியிருக்கும்போதே, சிறு வண்டியின் பின்னால் விதை தூவும் பெட்டியைப் பூட்டிக்கொண்டு, முளைத்துப் படுத்திருக்கும் குளிர்காலக் கோதுமைக்கு மேலாகச் சிவப்புக் குளோவர் விதையைச் சிதறிக்கொண்டு போவார்கள். கடுகை விடச் சிறிய விதை. ஹெக்டேயருக்குப் பத்துக் கிலோ அளவு போதும். உழவு இல்லை, மூடுவது இல்லை. வெயிலேறி மண் இளகும்போது விதை தானாக வெடிப்புக்குள் இறங்கிவிடும். கோதுமையின் நிழலில் குளோவர் மெல்ல வளரும். யூலையில் கோதுமையை அறுத்த பிறகு வெளிச்சம் கிடைத்து எழும்பி, ஒக்ரோபர்வரை வயலை மூடி நிற்கும். பிறகு அதை உழுதோ மருந்தடித்தோ முடித்துவிட்டு, அடுத்த வசந்தத்தில் சோளம் போடுவார்கள். அந்தச் சோளத்துக்கு ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 80 கிலோ நைதரசனைக் குறைத்துப் போடலாம் என்பது மாகாண விவசாய அமைச்சின் கணக்கு. பாதிக்கு மேல் குதிரைமசால் நிறைந்த பழைய தீவன நிலத்தை உழுதால் 110 கிலோ. சோயாவின் பின் கிடைப்பது இவற்றோடு ஒப்பிட மிகச் சொற்பம்.

குவெல்ப் பல்கலைக்கழகம் எலோராவில் 1980இல் தொடங்கிய பயிர்ச்சுழற்சிப் பரிசோதனை இன்றும் நடக்கிறது. சோளமும் சோயாவும் மட்டும் மாறிமாறி வரும் துண்டுகளையும், இடையில் கோதுமையும் அதற்குள் சிவப்புக் குளோவரும் சேரும் துண்டுகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறார்கள். 31 வருட விளைச்சலை அலசி 2015இல் வெளியான முடிவு தெளிவானது. வெப்பமும் வறட்சியும் சேர்ந்த வருடங்களில், சுழற்சியில் பயிர்களைக் கூட்டி உழவையும் குறைத்த நிலத்தில் சோளம் 7 வீதமும் சோயா 22 வீதமும் கூடுதலாக விளைந்தன. நல்ல வருடத்தில் யாரும் நன்றாக விளைவிப்பார். கெட்ட வருடத்தில் கைகொடுப்பதே மண்ணின் பலம்.

இவ்வளவு தெரிந்தும் குளோவர் ஏன் பரவவில்லை? விவசாயிகள் முதலிற் சொல்வது, குளோவர் ஒரேசீராக முளைப்பதில்லை என்பதை. வறண்ட வசந்தத்தில் வயலின் ஒரு மூலையில் அடர்ந்தும் இன்னொரு மூலையில் வெறுமையாயும் நிற்கும். எந்த இடத்தில் எவ்வளவு பசளை குறைப்பது என்று தெரியாதவர், பயத்தில் எல்லா இடத்துக்கும் முழுதாகப் போட்டுவிடுவார். அந்த வருடம் குளோவர் விதைச் செலவு வீண். இது உண்மையான குறை. இதற்கு ஆராய்ச்சி தேவை. ஆனால் என் பார்வையில் இதைவிடப் பெரிய தடை காணியின் உரிமையில் இருக்கிறது.

குளோவருக்குச் செலவழிப்பது இந்த வருடம். பலன் அடுத்த வருடச் சோளத்தில். குதிரைமசாலை விதைத்தால் முதல் வருடம் வெட்டு குறைவு. மூன்று நான்கு வருடம் நின்றால்தான் செலவு மீளும். உழுதபின் வரும் நைதரசன் அதற்கும் அடுத்த வருடத்துக்கு. ஓராண்டுக் குத்தகையில் இருப்பவர் இவற்றை விதைத்தால், பலனைத் தனக்குப் பின் வருபவருக்குத் தானம் செய்கிறார். ரொறன்ரோவின் கிழக்கே இது வெறும் அனுமானம் அல்ல. 1972இல் பிக்கறிங்கில் விமான நிலையம் கட்டுவதற்கென்று மத்திய அரசு ஏறத்தாழ 18,600 ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொண்டது. கனடாவின் மிக வளமான மண்ணில் ஒரு பகுதி அது. சொந்தக்காரராயிருந்த விவசாயிகள் அரசின் குத்தகைக்காரர் ஆனார்கள். விமான நிலையம் நாளை வரும், நாளை மறுநாள் வரும் என்றே அரை நூற்றாண்டு போனது. குத்தகை நீண்ட காலம் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கும் நிலையிலேயே இருந்தது. மரவேலிகள் போயின, தொழுவங்கள் இடிந்தன. ஒரே பருவத்தில் காசாகும் பயிர்கள் மட்டும் நின்றன. 2025 ஜனவரியில் போக்குவரத்து அமைச்சர் அனிதா ஆனந்த் அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். அந்தக் காணிகளின் ஒரு பெரும் பகுதி ஏற்கெனவே ரூஜ் பூங்காவோடு சேர்ந்துவிட்டது. அங்கே பூங்காத் துறை ஓராண்டுக் குத்தகைகளுக்குப் பதிலாக 30 வருடம்வரை நீளக்கூடிய குத்தகைகளைக் கொடுக்க முன்வந்தது. ஒன்ராறியோ மண்ணுக்கு அண்மைக்காலத்தில் நடந்த நல்ல காரியங்களில் இதை முன்வரிசையில் வைப்பேன். எந்த மானியமும் செய்யாததை அந்தக் கால உறுதி செய்யும்.

அவசரத்தில் இந்த வேலை நடக்காது என்பதற்கும் நம் கண்முன்னே சான்று உண்டு. 2021இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. சேதனப் பசளைக்கு மாறுவது தவறான நோக்கமல்ல. ஆனால் நாடு முழுவதற்கும் சணல் விதையும் குழையும் சாணமும் எங்கிருந்து வரும், எத்தனை போகத்தில் மண் தேறும் என்று எவரும் கணக்கிடவில்லை. நெல் விளைச்சல் வீழ்ந்தது. நவம்பரில் தடையை நீக்கினார்கள். அடுத்த மார்ச்சில் இந்தப் பக்கம் அதே பாடம் வேறு உருவில் வந்தது. உக்ரெயின் போரையடுத்துக் கனடா ரஷ்யப் பொருள்களுக்கு 35 வீதத் தீர்வை விதித்தது. ரஷ்ய நைதரசன் பசளையைப் பெருமளவு நம்பியிருந்த ஒன்ராறியோ விவசாயிகள் விதைப்புக்கு முன்பே கூடிய விலை கொடுக்கவேண்டி வந்தது. அந்த வருடம் கூட்டங்களில் மீண்டும் குளோவரைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் முந்திய வருடமே கோதுமைக்குள் குளோவர் விதைத்திருந்தவருக்கு மட்டுமே அதனால் பயன் கிடைத்திருக்கும். பசுந்தாட்பசளை எப்போதும் ஒரு வருடம் முந்தி எடுக்கும் முடிவு.

வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு என் ஆலோசனை சிறியது: ஓகஸ்ட் பிற்பகுதியில் தக்காளியும் பயற்றங்காயும் ஓய்ந்த பாத்தியில் பட்டாணியையும் ஓட்ஸையும் கலந்து விதையுங்கள். பனியில் அவை தாமாகவே இறந்து மண்ணை மூடிக் கிடக்கும். மே மாதம் கொத்திவிட்டு நடலாம். காணி வைத்திருப்பவர்களிடம் கேட்பது சற்றுப் பெரிது. பிக்கறிங்கிலோ மார்க்கத்திலோ அதற்கு அப்பாலோ விவசாய நிலம் வாங்கி, விலை ஏறட்டும் என்று வருடாவருடம் குத்தகைக்கு விட்டிருப்பவர் எவராயினும், அடுத்த முறை ஒப்பந்தம் எழுதும்போது ஐந்து வருடத்துக்கு எழுதுங்கள். சுழற்சியில் ஒருமுறையாவது கோதுமையும் அதற்குள் குளோவரும் வரவேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். அந்த விதையின் செலவில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். காணி உங்களுடையது என்றால், அதன் மண்ணும் உங்களுடைய பொறுப்பு.